கிடார் இங்கே, கால் அங்கே

மேடையில் ஒயர் இழுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் நோட்டுகளில் ஒன்றைத் திறந்து காட்டுகிறேன். அதில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அந்த ஒரு வரியால் ஒரு நல்ல கிடார் கலைஞர் மேடையை இழக்க இருந்தார்.

ஓய்வு பெறும்வரை மெல்லிசைக் குழுக்களுக்கு ஒலி அமைப்பதும், அவர்களுடைய கருவிகளைப் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். திருவண்ணாமலையில் தேரடி வீதிக்குப் பின்னால் மாடியில் கடை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவேன். கிழமை, இடம், மேடை ஏறிய நேரம், முதல் பாட்டு தொடங்கிய நேரம், எது கெட்டது, எப்படிச் சரியானது, எல்லாம் அதில் இருக்கும். நான் சரித்திரம் விரும்பிப் படிப்பவன். கல்வெட்டில் ஆட்சியாண்டு இருக்கும் ஒரு மூலை உடைந்துபோனால் பின்னால் வருபவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்று தெரியும். அதனால் நாளையும் நேரத்தையும் விடுவதில்லை. இங்கே மட்டும் ஆண்டைச் சொல்லாமல் விடுகிறேன். இது நடந்த கல்யாண வீட்டார் படித்தால் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எங்கள் குழுவில் கிடார் வாசித்தவர் தேவராஜ். கீழ்பென்னாத்தூர்க்காரர். வீட்டில் மணிலாப்பயிர், அதாவது வேர்க்கடலை விவசாயம், இவருக்குக் கிடார். வேன் விபத்தில் இடுப்பு எலும்பில் அடிபட்டு ஏழு மாதம் படுத்திருந்தார். எழுந்தபோது கைகள் இரண்டும் பழையபடியே இருந்தன. கால்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பார், பிறகு நாற்காலி.

கிடார் வாசிக்கக் கால் எதற்கு என்று கேட்பீர்கள். மின்கிடாரில் விரல் பாதி வேலைதான் செய்கிறது. பல்லவிக்குச் சுத்தமான ஒலி, இடையிசைக்கு அலையலையாய் மினுங்கும் ஒலி, வேகப்பாட்டுக்குக் கரகரப்பு, தனியாக எழுந்து வாசிக்கும் இடத்துக்கு நீண்டு ஒலிக்கும் ஒலி என்று ஒரே பாட்டில் நான்கு முறை மாற்ற வேண்டும். அந்த ஒலிகளை உருவாக்கி வைத்திருக்கும் பெட்டிக்கு ப்ரீஆம்ப் என்று பெயர். தரையில் கிடக்கும் பலகையில் உள்ள பொத்தான்களை வாசிப்பவர் காலால் மிதிப்பார், பெட்டி ஒலியை மாற்றும். இரண்டு கைகளும் நரம்பில் இருக்கும்போது மிச்சமிருப்பது கால்தானே. தேவராஜுக்கு அந்தக் கால் இல்லை.

குழுவை நடத்தியவர் ஜெகநாதன். கீபோர்டு வாசிப்பார். எங்கள் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். கல் நெஞ்சுக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஏழு மாதமும் தேவராஜ் இடத்தை வேறொருவருக்கு நிரந்தரமாகக் கொடுக்காமல் காத்தவர் அவர்தான். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"தேவா, ஞாயித்துக்கிழம கீழ்பென்னாத்தூர் ரிசப்ஷன் உன் ஊர். அதுல வாசி. சரியா அமைஞ்சிதுன்னா நீதான் நம்ம கிடாரு. அமையலன்னா வேலூர்லேர்ந்து ஒருத்தர் ரெடியா இருக்காரு. என்னை மன்னிச்சிடு, வேற வழி தெரியல."

தேவராஜ் தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். வாய்விட்டு உதவி கேட்டிருந்தால்கூட நான் அவ்வளவு வேகமாக வேலையில் இறங்கியிருக்க மாட்டேன்.

எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. அந்த ப்ரீஆம்பின் பின்பக்கம் ஐந்து ஊசிகள் கொண்ட வட்டமான ஒரு துளை உண்டு. மிடி என்பார்கள். அந்த ஒயரில் ஒலி போகாது, கட்டளை மட்டுமே போகும். 'மூன்றாம் எண்ணுக்கு மாறு' என்று ஒரு சேதி. பஸ் கண்டக்டரின் விசில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விசில் பஸ்ஸை ஓட்டுவதில்லை. அதைக் கேட்டு ஓட்டுநர் நிறுத்துகிறார், எடுக்கிறார். கீபோர்டிலிருந்தும் இதே விசிலை ஊதலாம். மாஸ்டர் ஒவ்வொரு பாட்டுக்கும் தன் கீபோர்டில் ஒலிகளை முன்கூட்டியே பதிந்து வைத்திருக்கும் நினைவுப் பொத்தான்களை அழுத்தத்தான் போகிறார். அதோடு சேர்ந்து தேவராஜின் பெட்டிக்கும் ஒரு எண் போகும்படி செய்துவிட்டால் கால் வேண்டியதில்லை. தேவராஜ் பேசாமல் வாசிக்கலாம்.

செவ்வாய் மாலையே என் கடையில் செய்து பார்த்தோம். பெட்டியில் நான்கு ஒலிகளை அமைத்தேன். ஒன்று சுத்தம், இரண்டு அலை, மூன்று கரகரப்பு, நான்கு தனி வாசிப்பு. கீபோர்டிலிருந்து ஒயரை இழுத்துப் பெட்டியில் சொருகினேன். மாஸ்டர் நினைவுப் பொத்தான்களை ஒன்றிலிருந்து நான்குவரை வரிசையாக அழுத்தினார். பெட்டி நான்கு முறையும் மாறியது.

"இன்னாய்யா இது, நான் பட்டன அமுக்கினா அவன் கிடாரு பேசுது!" என்று மாஸ்டர் சிரித்தார்.

"ஏழு மாசமா நானே பேசல, அது பேசுது" என்றார் தேவராஜ்.

அந்தப் பக்கத்தில் நான் எழுதியது இது: 'செவ்வாய், மாலை 6:35. கீபோர்டு வழி மிடி. நான்கும் சரி. வெற்றி.' வெற்றி என்ற சொல்லுக்குக் கீழே கோடுகூடப் போட்டேன்.

எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது. அது நடந்தது சற்று முன்னால். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. மாஸ்டரின் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையின் மேலேயே. பௌர்ணமியன்று அந்தப் பாதையில் வண்டி நகராது என்பது ஊர்க்குழந்தைக்கும் தெரியும். பௌர்ணமி திதி பிற்பகல் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று என் நோட்டில் வெள்ளிக்கிழமையே குறித்திருந்தேன். குறித்தவன் மாஸ்டரைக் காலையிலேயே கிளம்பச் சொல்லவில்லை. எழுதிவைப்பது வேறு, அதை எடுத்துப் பயன்படுத்துவது வேறு.

நாங்கள் மூன்றரை மணிக்கே கீழ்பென்னாத்தூர் மண்டபத்தில் இருந்தோம். மேடையின் இடது ஓரத்தில் தேவராஜின் நாற்காலியும் பக்கத்தில் பெட்டியும், வலது ஓரத்தில் கீபோர்டு, நடுவில் பாடகர்கள். மாஸ்டர் கீபோர்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் நடந்து, பிறகு யாரோ ஒருவருடைய பைக்கில் ஏறி, ஆறு இருபதுக்கு வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. ஆறரைக்கு வரவேற்பு தொடக்கம். சோதித்துப் பார்க்க நேரமில்லை. ஒயரைச் சொருகினேன், பெட்டியில் எண் ஒன்று தெரிந்தது. போதும் என்று பின்னால் ஒலிகளைக் கலக்கும் மிக்சர் மேஜைக்குப் போய்விட்டேன்.

போகும்போது மூன்றாம் வரிசையில் முழங்கால்களுக்கு நடுவே கிடார்ப் பையை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். வேலூர்க்காரர். மாஸ்டர் அவரை வரச் சொல்லியிருந்தார். தேவராஜும் அவரைப் பார்த்துவிட்டார்.

ஆறு நாற்பத்திரண்டு. வழக்கம்போல முதலில் பிள்ளையார் பாட்டு. தேவராஜ் சுத்தமான ஒலியில் மெதுவாகத் தொடங்கினார். சரணம் முடியும் இடம் வந்தது. கல்யாண வீட்டுப் பாட்டாயிற்றே என்று மாஸ்டர் அந்த இடத்தில் கீபோர்டின் புல்லாங்குழல் ஒலியிலிருந்து ஷெனாய் ஒலிக்கு மாறுவது வழக்கம். நினைவுப் பொத்தானில் இல்லாமல் கையாலேயே மாற்றுவார், இருபது வருடமாக அப்படித்தான். அன்றும் மாற்றினார். மறுநொடி தேவராஜின் கிடார் உறுமியது.

உறுமியது என்பது சாதாரணச் சொல். பிள்ளையார் பாட்டுக்கு நடுவில் கல் உடைக்கும் இயந்திரம் ஓடியது போலிருந்தது. மணமேடையில் இருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டாள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் வாசலைத் திரும்பிப் பார்த்து, "என்னப்பா, ஜேசிபி வந்துச்சா?" என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள்.

தேவராஜ் செய்த காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைத் தேடவில்லை. உள்ளங்கையை நரம்புகளின் மேல் தட்டையாக வைத்து அழுத்தினார். ஒலி நின்றது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் பாட்டு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். கருவி கெட்டால் முதலில் சத்தத்தை நிறுத்து, காரணத்தைப் பிறகு தேடு என்பதை இதைவிட நன்றாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

நான் மேடைக்கு ஓடுகிற பதினைந்து நொடிகளில் காரணம் விளங்கிவிட்டது. நினைவுப் பொத்தானை அழுத்தினால் நான் வைத்த எண் போகும். சரி. மாஸ்டர் கையால் ஷெனாய்க்கு மாறினால், ஷெனாய்க்கு உரிய எண்ணும் அதே ஒயரில் போகும். நூற்றுப் பத்துக்கு மேலே ஏதோ ஒரு எண். பெட்டியில் நூற்று இருபத்தெட்டு ஒலிகள் உண்டு. நான் அமைத்தவை நான்கு. மிச்சத்தில் தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்த ஒலிகள் அப்படியே கிடந்தன, பெரும்பாலும் இந்த உறுமல் வகை. யார் ஊதினாலும் கேட்கும்படிதான் பெட்டி விற்கப்படுகிறது. ஒரே ஒரு விசிலை மட்டும் கேட்கச் சொல்லும் அமைப்பு அதில் உண்டு. கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படித்து, 'பிறகு பார்க்க' என்று பென்சிலால் நானே எழுதியிருந்தேன்.

கடையில் ஏன் தெரியவில்லை? மாஸ்டரிடம் பொத்தான்களைத்தான் அழுத்தச் சொன்னேன். ஒரு பாட்டை முழுசாக வாசிக்கச் சொல்லவில்லை. என் ஒயரைச் சோதித்தேன், மனிதரின் பழக்கத்தைச் சோதிக்கவில்லை.

பெட்டிக்கு அருகில் போனதும் கை தானாக ஒயரைப் பிடுங்கப் போனது. இங்கேதான் கவனியுங்கள். பிடுங்கியிருந்தால் பெட்டி கடைசியாகக் கேட்ட கட்டளையிலேயே நின்றிருக்கும், அதாவது உறுமலில். பிடுங்கிய பதற்றத்தில் அதைக் கவனிக்காமல் நான் திரும்பியிருந்தால், தேவராஜ் கையை எடுத்தவுடன் மறுபடி ஜேசிபி. முதலில் முன்பக்கச் சக்கரத்தைத் திருகி எண் ஒன்றுக்குக் கொண்டுவந்தேன். பாதுகாப்பான இடத்துக்கு வந்தபிறகுதான் ஒயரை எடுத்தேன்.

"சுத்தம் மட்டுந்தான் இருக்கு. அதுலயே வாசிங்க" என்றேன்.

"அஞ்சாவது பாட்டு?" என்றார் தேவராஜ்.

ஐந்தாவது பாட்டு மணப்பெண் கேட்டது. நடுவில் முப்பது நொடிக்குமேல் கிடார் தனியாக எழுந்து வாசிக்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் ஒலி மாற வேண்டும். சுத்தமான ஒலியிலேயே ஒப்பேற்ற முடியாத பாட்டு அது ஒன்றுதான். சக்கரத்தைக் கையால் திருகலாம் என்றால், ஒவ்வொரு எண்ணாகத் திருகிச் செல்ல நான்கு நொடி ஆகும், போகிற வழியில் உள்ள ஒலிகளும் கேட்கும்.

பாட்டு முடிந்தது. மாஸ்டர் மைக்கை மூடிக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

"இன்னா அண்ணே, பிள்ளையாருக்கே இப்படி ஆயிடுச்சே."

"தப்பு என்னுது, மாஸ்டர். தேவராஜுது இல்ல."

"யாருதா இருந்தா இன்னா? நாலு பாட்டு வரைக்கும் ஓட்டட்டும். அஞ்சாவதுக்கு வேலூர்க்காரர ஏத்திடறேன்." அவர் தேவராஜைப் பார்க்காமல்தான் சொன்னார். தேவராஜுக்குக் கேட்டுவிட்டது.

இரண்டாம் பாட்டு தொடங்கியது. எனக்கு மூன்று பாட்டு நேரம் இருந்தது, ஏறக்குறைய பதினான்கு நிமிடம். பெட்டியின் அமைப்புக்குள் போய் அந்த ஒரே விசிலை மட்டும் கேட்கச் செய்யலாமா என்று யோசித்தேன். ஏழெட்டுப் பக்கம் உள்ளே போக வேண்டும். அதற்குப் பொருத்தமாகக் கீபோர்டிலும் மாற்ற வேண்டும், மாஸ்டரோ வாசித்துக்கொண்டிருக்கிறார். சரியாகச் செய்தேனா என்று சோதிக்கவும் முடியாது. மக்கள் முன்னிலையில்தான் தெரியும். வேண்டாம் என்று முடிவு செய்தேன். நெருக்கடியில் பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு ஆசை. அந்த ஆசையை விடுவது கஷ்டம். சந்தேகமான பாதையை மொத்தமாகக் கைவிட்டுவிட்டு, இருப்பதிலேயே எளிய பாதை எது என்று பார்ப்பது நல்லது.

எளிய பாதை என் சாமான் பெட்டிக்குள் கிடந்தது. தேவராஜின் பழைய கால்பலகை. நான்கு பொத்தான்கள், நான்கு எண்கள், வேறு எதுவும் அனுப்பத் தெரியாத சாது. அன்று தேவையே இல்லாத பொருள். ஆனாலும் என் சாமான் பட்டியலில் அது இருந்ததால் அந்தச் சாமான் பெட்டியில் அதனிடத்தில் இருந்தது. பத்து மீட்டர் ஒயரும் கூடவே இருந்தது. அடியில் ஒட்டிய தாளில், 'பேட்டரி மாற்றியது வெள்ளி' என்று என் கையெழுத்து. ஆக, விசில் கையில் இருக்கிறது. ஊத ஆள்?

நான் மிக்சரை விட்டுவிட்டு மேடையில் நிற்க முடியாது. தபலாக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். டிரம்ஸ்காரருக்கு இரண்டு காலும் வேலையில். மாஸ்டருக்கு வலது கால் பெடலில்.

இரண்டாம் பாட்டைப் பாடி முடித்த மலர்விழி தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்தார். மூன்றாவதும் நான்காவதும் ஆண் குரல் பாட்டுகள். ஐந்தாவது மறுபடி இவருடையது. பகலில் வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் தட்டச்சு, விடுமுறை நாட்களில் மேடை. பட்டுப்புடவை, வெறுங்கால். செருப்புப் போட்டு அவர் மேடை ஏறியதில்லை.

என் கையிலிருந்த பலகையைப் பார்த்தார்.

"நான் அன்னிக்கே கேட்டேன் இல்ல, அண்ணே?"

எனக்குச் சட்டென்று எல்லாம் நினைவுக்கு வந்தது.

"நீங்க என்னை அப்புறமா திட்டிக்கோங்கம்மா" என்றேன். "இப்ப முடியுமா?"

"முடியுமான்னா? அந்தப் பாட்டுல எங்க எங்க கிடாரு மாறுதுன்னு அவருக்கு அடுத்தபடியா எனக்குத்தான் தெரியும். அவரு முடிக்கிற எடத்துலதானே நான் எடுக்கறேன்." புடவைக் கொசுவத்தை ஒரு கையால் இரண்டு அங்குலம் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "நம்பரச் சொல்லுங்க."

"ஒண்ணு சுத்தம். ரெண்டு அலை. நாலு தனி வாசிப்பு. மூணு வேணாம், இந்தப் பாட்டுல கெடையாது."

"மூணு இருக்கற எடத்துல எதுனா ஒட்டுங்க. வெரலுக்குத் தெரியணும்."

நல்ல யோசனை. மூன்றாம் பொத்தானின் மேல் நரம்பை மீட்டும் பழைய பிளாஸ்டிக் பிக் ஒன்றை வைத்து டேப் ஒட்டினேன். இனி குனிந்து பார்க்காமலே கால் விரலுக்கு அடையாளம் தெரியும்.

மாஸ்டருக்குத் தெரியாமலே செய்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. செய்யாதீர்கள். மேடைக்குப் பொறுப்பானவருக்குத் தெரியாமல் செய்த காரியம் நன்றாக முடிந்தாலும் அடுத்த முறை அவர் உங்களை நம்ப மாட்டார். மூன்றாம் பாட்டு முடிந்த கைத்தட்டலில் அவர் காதருகே போய்ச் சொன்னேன்.

"மாஸ்டர், அஞ்சாவது பாட்டுக்கு மலர் கால்ல சுவிட்சு. உங்க கீபோர்டுக்கும் அதுக்கும் இப்ப சம்பந்தம் இல்ல."

"பாடறதா, மிதிக்கறதா? தப்பாச்சுன்னா?"

"தப்பாச்சுன்னா ஒண்ணாம் நம்பர்லயே நிக்கும். கொஞ்சம் சப்புன்னு இருக்கும். உறுமாது."

எந்த மாற்று ஏற்பாட்டுக்கும் இந்தக் கேள்விதான் முதலில். நன்றாக அமைந்தால் எப்படி இருக்கும் என்பதை எல்லாரும் சொல்வார்கள். கெட்டுப்போனால் எவ்வளவு கெடும் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். மாஸ்டர் என்னை ஒரு நொடி பார்த்தார்.

"சரி. இந்த ஒரு பாட்டு."

நான்காம் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயரைத் தரையோடு தரையாக ஒட்டி, பாடகர்களின் மைக் வரைக்கும் கொண்டுவந்தேன். பலகையை மலர்விழியின் மைக் தாங்கிக்குக் கீழே வைத்தேன். ஒரு முனையைப் பெட்டியில் சொருகினேன். பெட்டியின் துளையில் இப்போது ஒரே ஒரு ஒயர், ஒரே ஒரு விசில்.

தேவராஜிடம் குனிந்து சொன்னேன். "நீங்க எதையும் பாக்க வேணாம். வாசிங்க. அந்தம்மா பாத்துக்கும்."

அவர் நடுமேடையைப் பார்த்தார். மலர்விழி அங்கிருந்தே சொன்னார்: "தேவாண்ணே, நான் மாத்தற எடத்துல நீங்க லேட்டா வந்தீங்கன்னா எனக்குத்தான் கெட்ட பேரு!"

ஏழு ஐந்து. மாஸ்டர் தாளத்தை எண்ணித் தொடக்கம் கொடுத்தார்.

பல்லவி சுத்தமான ஒலியில் போனது. பல்லவியின் கடைசிச் சொல்லை மலர்விழி நீட்டி முடித்து மூச்சை இழுத்தார். அந்த மூச்சில் கால் கட்டைவிரல் அசைந்தது. கிடார் அலையலையாக விரிந்தது. ஒரு மயிரிழை முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தனை நாளும் எத்தனையோ கிடார்க்காரர்கள் அந்தக் கணத்தை ஊகித்துத்தான் மிதித்துக்கொண்டிருந்தார்கள். பாடுகிறவர் எப்போது முடிப்பார் என்று காத்திருந்து, அரை நொடி முந்தியோ பிந்தியோ. பாட்டில் கிடாரின் ஒலி மாறுகிற இடமும் பாடகர் மூச்சு எடுக்கிற இடமும் ஒன்று. அந்த இடம் எப்போது வரும் என்று ஊகிக்கவே தேவையில்லாத ஒரே ஆள் பாடகர்தான்.

சரணம். மறுபடி சுத்தம். மலர்விழி மேல்ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தி, சபை மொத்தத்தையும் அதில் தொங்கவிட்டு, விட்டார். கால் விரல் பிக் ஒட்டிய பொத்தானைத் தடவி, தாண்டி, நான்காவதில் அழுந்தியது.

தேவராஜ் வாசித்தார்.

ஏழு மாதம் படுக்கையில் கையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்தாரோ அதெல்லாம் அந்த முப்பது நொடியில் வந்தது. இத்தனை வருடத்தில் அவர் வாசிக்கும்போது பாதிக் கவனம் காலில் இருக்கும். தலை குனிந்து பொத்தானைத் தேடும். அன்று தலை நிமிர்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் அது கேட்கிற அளவுக்கு நீளவிட்டு வாசித்தார். மாஸ்டர் தன் பகுதியை வாசிக்காமல் இரண்டு கைகளையும் தூக்கி விட்டுவிட்டார். டிரம்ஸ்காரர் மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் வாசற்படியிலேயே நின்றார்கள். கடைசி ஸ்வரம் கரையும்போது மலர்விழி மூச்சு இழுத்தார், கால் அசைந்தது, ஒலி சுத்தமானது, குரல் எழுந்தது.

கைத்தட்டல் பாட்டு முடியக் காத்திருக்கவில்லை. மணப்பெண்ணே எழுந்து நின்று தட்டினாள். "ஒன்ஸ்மோர்!" என்று முதலில் கத்தியவர் யார் தெரியுமா? ஜேசிபி வந்துச்சா என்று கேட்ட அதே பெரியவர். மறுபடி வாசித்தார்கள். இரண்டாம் முறை மலர்விழிக்குத் தைரியம் வந்துவிட்டது. நாங்கள் பேசாத ஒரு இடத்திலும் அலையைப் போட்டார். தேவராஜ் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு அதற்கும் பொருத்தமாக வாசித்தார்.

இடைவேளையில் வேலூர்க்காரர் என்னிடம் வந்தார். பை தோளில் இருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? அவரு கால் அசையவே இல்லையே. எப்படி மாத்தறாரு? நான் அதத்தான் பாத்துக்கினே இருந்தேன்."

நடுமேடையைக் காட்டினேன். அவர் பார்த்தார். மறுபடி தேவராஜைப் பார்த்தார். "கிடாரு இங்க, கால் அங்கயா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். நேராக மேடையேறிப் போய்த் தேவராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், நான் வந்தது வீணாப்போகல" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. பெருந்தன்மையான மனிதர். அன்று பையின் ஜிப்பை அவர் திறக்கவே இல்லை.

'இந்த ஒரு பாட்டு' என்று மாஸ்டர் சொன்னது நிகழ்ச்சி முடியும்வரை நீண்டது. முடிவில் கலைஞர்களை ஒவ்வொருவராகச் சபைக்குச் சொல்வது அவர் வழக்கம். தபலா, டிரம்ஸ், பாடகர்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், "கிடார், உங்க ஊர் தேவராஜ்!" என்றார். கைத்தட்டல் அடங்கும்வரை நிறுத்தி, "இனிமே எல்லா மேடையிலயும் இவருதான்" என்றார். பிறகு, "கிடாருக்குக் கால், மலர்விழி!" சபை சிரித்துக்கொண்டே தட்டியது. மலர்விழி புடவையைச் சற்றே தூக்கி வெறுங்காலை முன்னால் வைத்துக் காட்டினார்.

இனி அந்த விடுபட்ட வரி.

அடுத்த செவ்வாய் ஒத்திகைக்கு எல்லாரும் என் கடையில் கூடியபோது, முந்தைய செவ்வாயின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'வெற்றி' என்று கோடு போட்ட வரிக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அன்று கீபோர்டை இணைக்கும் முன் கால்பலகையை மேஜையிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன். அப்போது மலர்விழி, 'அத நான் வேணா மிதிக்கட்டுமா, அண்ணே? பாடறப்ப என் கால் சும்மாதானே இருக்கு' என்று கேட்டிருந்தார். 'உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை, புடவை மாட்டிக்கும்' என்று சொல்லிவிட்டேன். பேட்டரி மாற்றிய கிழமையைக்கூட எழுதுகிறவன், இதை எழுதத் தகுந்த விஷயமாக நினைக்கவில்லை. எழுதியிருந்தால் ஞாயிறு காலையில் பக்கத்தைப் புரட்டும்போது கண்ணில் பட்டிருக்கும். வேறு மையில், சின்ன எழுத்தில், இப்போது எழுதினேன்: 'மாலை 6:10. தான் மிதிக்கலாமா என்று மலர்விழி கேட்டார். வேண்டாம் என்றேன்.'

அன்றிலிருந்து என் நோட்டில் ஒரு புதுப் பத்தி சேர்ந்தது, 'யார் என்ன கேட்டார்' என்று. ஓய்வு பெறும்வரை அதை நிரப்பினேன். உங்கள் நோட்டிலும் அதற்கு இடம் விடுங்கள்.

மலர்விழி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"ஆறு பத்து இல்ல, ஆறு அஞ்சு" என்றார். "நான் ஆபீஸ் விட்டு வந்ததும் கேட்டேன்."

திருத்தினேன்.

"அப்புறம், நான் கேட்டப்ப நீங்க சிரிச்சீங்க. அதையும் எழுதுங்க."

எழுதினேன்.